வீட்டை நாமே விற்கிறோம்: வருகிறவர் வாங்குகிறவரா, வேடிக்கை பார்க்கிறவரா?

மாடிப்படி எழுதியது:

புரோக்கர் வேண்டாம், நாமே விற்றுவிடலாம் என்று நானும் கணவரும் துணிந்து விளம்பரம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. இதுவரை 31 பேர் போன் செய்திருக்கிறார்கள், 14 பேர் நேரில் வந்து பார்த்திருக்கிறார்கள். விலை பேசும் கட்டத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் வீட்டைக் கூட்டித் துடைத்து, கொடியில் காயும் துணியை அள்ளி ஒளித்து, பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டு, சிரித்த முகத்தோடு நின்று நின்று இடுப்பு ஒடிகிறது.

போன சனிக்கிழமை ஒரு தம்பதி ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். ஒவ்வொரு அலமாரியையும் திறந்து திறந்து மூடினார்கள். "எங்களுக்காகவே கட்டின மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, இவர்கள்தான் என்று நினைத்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்: "இந்தச் சமையலறை மேடையை யார்கிட்ட செஞ்சீங்க? நம்பர் கொடுங்களேன்." அவர்களுக்கு வீடு ஏற்கனவே இருக்கிறது. மேடைதான் இல்லை.

வாசலுக்கு வருவதற்கு முன்பே ஆளைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? பணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எட்டிப்பார்ப்பவன் எழுதியது:

மேடம், முதலில் மன்னிப்பு. அந்த 14 பேரில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம்.

நானும் மனைவியும் விடுமுறை நாளில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளைப் பார்க்கப் போவோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாங்கத்தான் போகிறோம், ஆனால் இன்னும் மூன்று வருடம் கழித்து. யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு வயதான அம்மா மட்டும் போனில், "எந்த மாசத்துக்குள்ள குடிவரணும்னு பார்க்கிறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு நாக்கு குழறிவிட்டது. "இப்போதைக்குச் சும்மா..." என்று இழுத்தேன். "சரிப்பா, நேரம் வரும்போது கூப்பிடு" என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நடிக்க வேண்டிய வேலை மிச்சம்.

பழையபூட்டு எழுதியது:

அந்த அம்மாவைத்தான் கும்பிட வேண்டும். ஒரே கேள்வி, வேலை முடிந்தது.

நான் இரண்டு வீடுகளை நானே விற்றவன். முதல் வீட்டில் நன்றாகச் சூடுபட்டு, இரண்டாவதில்தான் கொஞ்சம் தெளிந்தேன். போன் வந்ததும் நம் வீட்டுப் பெருமையை அளக்க ஆரம்பித்துவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம். அவரைப் பேச விடுங்கள். எப்போது குடிவர வேண்டும்? இப்போது இருப்பது சொந்த வீடா, வாடகையா? சொந்த வீடென்றால் அதை விற்றால்தான் இதை வாங்க முடியுமா? பணம் கையிருப்பா, கடனா? கடன் என்றால் வங்கியில் பேசியாகிவிட்டதா? முடிவெடுப்பது நீங்கள் மட்டுமா, இன்னும் யாராவது வந்து பார்க்க வேண்டுமா? போலீஸ் விசாரணை மாதிரி அடுக்காமல் பேச்சுவாக்கில் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உண்மையாக வாங்க அலைகிறவருக்கு இதற்கெல்லாம் பதில் நுனிநாக்கில் இருக்கும். ராத்திரி தூக்கம் வராமல் அவர் யோசிப்பதே இதைத்தான்.

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். என் இரண்டாவது வீட்டுக்கு ஒருவர் நான்கு தடவை தனியாக வந்து, தூண் தூணாகத் தட்டிப் பார்த்து, விலைகூடப் பேசிவிட்டார். ஐந்தாவது தடவை அவருடைய அம்மாவைக் கூட்டி வந்தார். அந்த அம்மா படிக்கட்டை ஒரு பார்வை பார்த்தார், காருக்குத் திரும்பிவிட்டார். கதை முடிந்தது.

முதல் வீட்டில் சூடுபட்டதையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர் நல்ல மனிதர், தேனொழுகப் பேசுவார். கேட்ட விலையை அப்படியே ஒப்புக்கொண்டார். சின்னத் தொகை ஒன்றை டோக்கனாகக் கையில் வைத்து, "விளம்பரத்தை எடுத்துடுங்கண்ணே" என்றார். எடுத்தேன். அவருடைய பழைய வீடு விற்றால்தான் எனக்குப் பணம் வரும் என்பது ஆறாவது வாரம்தான் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஏமாற்றினார் என்றுகூடச் சொல்ல முடியாது. பதினொன்றாவது வாரம் டோக்கனைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார். அதற்குள் முதலில் விசாரித்த மூன்று பேரும் வேறு வீடு பார்த்துவிட்டார்கள். மறுபடி விளம்பரம் போட்டால், "இவ்வளவு நாளா ஏன் போகல, வீட்டுல என்ன குறை?" என்று கேட்கிறார்கள்.

நாலுபேர் எழுதியது:

எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் இப்போது வாங்குவதற்காகத் தெருத் தெருவாக அலைகிறவன். நீங்கள் சொல்வதைப் படித்தால் பயமாக இருக்கிறது. போன வாரம் ஒரு வீட்டுக்காரர், நான் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த வீடு அவருடையதுதானா என்றும் தெரியாது. அனுப்ப முடியாது என்றேன். "அப்போ நீங்க வாங்கற ஆள் இல்ல" என்றார். நான் வாங்குகிற ஆள்தான். என்ன, அவரிடம் வாங்க மாட்டேன்.

கடன்மேசை எழுதியது:

நாலுபேர் சொல்வது நியாயம். வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் 22 வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்தக் காகிதத்தை எந்தக் கட்டத்தில் கேட்பது என்று ஒரு முறை இருக்கிறது. போனில் வாய்ப்பேச்சு போதும். முதல் தடவை வீடு பார்க்கவும் காகிதம் தேவையில்லை. இரண்டாம் தடவை வருகிறார் அல்லது விலை சொல்கிறார் என்றால், அப்போது வங்கிக் கடிதம் கேட்கலாம், அதாவது இவருக்கு இவ்வளவு கடன் தரலாம் என்று வங்கி எழுதிக் கொடுப்பது. சம்பளச் சீட்டு உங்களுக்கு எதற்கு? அதைப் பார்ப்பது வங்கியின் வேலை. கையிருப்பைக் காட்டக் கணக்கு விவரம் தந்தால், கணக்கு எண்ணை மறைத்துக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர், தேதி, இருப்புத் தொகை இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

வங்கிக் கடிதத்திலும் இரண்டு வகை உண்டு, பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒன்று, வாடிக்கையாளர் தன் வருமானத்தை வாயால் சொல்ல, வங்கி கணக்குப் போட்டு "உங்களுக்குச் சுமார் இவ்வளவு கிடைக்கலாம்" என்று தருவது. அதற்கு மதிப்பு மிகக் குறைவு. பத்து நிமிடத்தில் இணையத்திலேயே கிடைக்கும். இன்னொன்று முன்ஒப்புதல். வருமான ஆவணம், பழைய கடன்கள், திருப்பிக் கட்டிய வரலாறு எல்லாம் சரிபார்த்தபின் தருவது. கடிதத்தில் "ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன" என்ற பொருளில் வரி இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். போன வருடக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கே போன் செய்து சரிபார்க்காதீர்கள். கடிதமே போலி என்றால் எண்ணும் போலிதான், எடுத்துப் பேசுகிறவர் அவருடைய மைத்துனராக இருப்பார். வங்கிக் கிளையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் வங்கி வாய் திறக்காது. அதனால் வாங்குகிறவரிடமே, "நான் ஒரு தடவை கேட்டுக்கிறேன், நீங்க அங்க சொல்லி வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். நேர்மையானவர் சரி என்பார்.

முன்ஒப்புதல் இருந்தாலும் கதை முடிந்துவிடாது. வங்கி அந்த ஆளை ஒப்புக்கொண்டிருக்கிறது, உங்கள் வீட்டை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 சதவீதம் தரும், அவர் கையில் 20 இருக்கிறது, எல்லாம் சரி. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு இது 90தான் பெறும் என்று எழுதுகிறார். வங்கி 90-இல் 80 சதவீதம்தான் தரும், அதாவது 72. இப்போது அவர் 28 கொண்டுவர வேண்டும். 8 துண்டு விழுகிறது. நான் பார்த்தவரை நல்ல வாங்குநர்கள் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் வங்கிக் கடிதம் பார்க்கும்போதே, "மதிப்பீடு கொஞ்சம் குறைஞ்சு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள். கையில் இருப்பதை ஒட்டத் துடைத்துக் கொண்டுவருகிறவருக்கும், கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

"முழுக்கக் கையிருப்புப் பணம்" என்கிறவரிடமும் இருப்பைக் காட்டச் சொல்லலாம். பணம் நேற்று வந்ததா, ஆறு மாதமாக இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக்காரர் கொடுப்பதாகச் சொன்னால், கொடுக்கிறவரிடமிருந்து ஒரு கடிதம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பணம் என்றால் நாளாகும், பணம் எப்படி வந்தது என்று நடுவில் வங்கிகள் கேள்வி கேட்கும். கைப்பேசியில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அதில் இரண்டு பூஜ்யம் கூட்டுவதற்கு என் பேரனுக்கு ஐந்து நிமிடம் போதும்.

மாடிப்படி எழுதியது:

கடன்மேசை சார், இதையெல்லாம் யாருமே சொன்னதில்லை. கணவரிடம் அந்த 72 கணக்கைக் காட்டினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்றார்.

நேற்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. வேறு நாட்டில் வேலை பார்க்கிறாராம். வீட்டை நேரில் பார்க்க வேண்டியதில்லை, படங்களே திருப்தி, கேட்ட விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். முன்பணத்துக்குக் காசோலை அனுப்புகிறாராம். வீட்டுச் சாமான்களைக் கொண்டுவரும் நிறுவனத்துக்கான கூலியும் அதிலேயே சேர்ந்திருக்குமாம், அதை மட்டும் நாங்கள் அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். கணவருக்குச் சந்தேகம். எனக்கு ஒரு ஓரத்தில் ஆசை.

கடன்மேசை எழுதியது:

ஆசையை ஓரத்திலேயே வைத்துவிடுங்கள் அம்மா. இது ரொம்பப் பழைய வித்தை. காசோலையைப் போட்டதும் கணக்கில் பணம் வந்த மாதிரிக் காட்டும். உண்மையில் அது வசூலாகியிருக்காது. அந்த இடைவெளியில் நீங்கள் "கூலியை" அனுப்பிவிடுவீர்கள். சில நாள் கழித்துக் காசோலை திரும்பி வரும், வங்கி உங்கள் கணக்கிலிருந்து முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பியது போனது போனதுதான். சாமான் நிறுவனமும் அவர்தான். யாராக இருந்தாலும், கூடுதலாகக் கொடுத்து மீதியை இன்னொருவருக்கு அனுப்பு என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பதில்கூட எழுத வேண்டாம்.

தாழ்ப்பாள் எழுதியது:

எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள். முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுகிறோம், அதையும் பேச வேண்டாமா?

1986-இல் லண்டனில் சூசி லாம்ப்ளூ என்ற 25 வயதுப் பெண், வீடு விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டக் கிளம்பினார். நாட்குறிப்பில் 'மிஸ்டர் கிப்பர்' என்ற பெயர் இருந்தது. திரும்பி வரவே இல்லை. அவருடைய பெற்றோர் அதற்கப்புறம் அவர் பெயரிலேயே தனிநபர் பாதுகாப்புக்கான அறக்கட்டளை தொடங்கினார்கள். தொழிலாகச் செய்கிறவருக்கே அந்த நிலை. நமக்கு அலுவலகமும் இல்லை, எங்கே போனோம் என்று தேட ஆளும் இல்லை.

அதனால் முழுப் பெயரும் எண்ணும் வாங்கி, நீங்களே ஒரு தடவை திருப்பி அழைத்துப் பேசிய பிறகுதான் கதவு எண். அதுவரை தெருப் பெயர் போதும். பகலில் மட்டும், வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது மட்டும். அறைக்குள் அவர்களை முன்னே விடுங்கள், நீங்கள் கதவுப் பக்கம் நில்லுங்கள். நான்கு பேராக வந்து ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்தால், "ஒண்ணா பார்த்துடலாம் வாங்க" என்று சிரித்துக்கொண்டே சேர்த்துவிடுங்கள். நகை, மருந்துப் பெட்டி, மேசைமேல் கிடக்கும் வங்கிக் கடிதம், பிள்ளைகள் எத்தனை மணிக்கு எங்கே போவார்கள் என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை, எல்லாம் கண்ணில் படாமல் உள்ளே போக வேண்டும்.

மாடிப்படி அக்கா, உங்கள் விளம்பரப் படங்களில் மூன்றாவது படத்தைப் பாருங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் சாவிக்கொத்து தொங்குகிறது, பல் பல்லாகத் தெரிகிறது. சிரிக்காதீர்கள். 2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், சுமார் 60 மீட்டர் தள்ளி ஒரு கூரை மேலிருந்து எடுத்த படத்தை வைத்தே ஒரு சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். உங்கள் படம் இரண்டு மீட்டரில் எடுத்தது.

மாடிப்படி எழுதியது:

படத்தை எடுத்துவிட்டேன். கணவர் பூட்டையே மாற்றிக்கொண்டிருக்கிறார்.

நாலுபேர் எழுதியது:

பாதுகாப்புக்கு நான் முழு ஆதரவு. போன வாரம் இன்னொரு வீட்டுக்காரர் அடையாள அட்டையை நேரில் காட்டச் சொன்னார், காட்டினேன். தன்னுடையதையும் காட்டினார். மனதுக்குப் பிடித்துவிட்டது.

கடன்மேசை சாரிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அந்தப் பத்து நிமிடக் கடிதத்தைத்தான் இத்தனை நாளாக நீட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டு வங்கிக்குப் போய் ஆவணங்களோடு விண்ணப்பித்தேன். பழைய வாகனக் கடன் ஒன்றைக் கழித்துக்கொண்டு, நான் நினைத்ததைவிட 15 சதவீதம் குறைவாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். மூன்று மாதமாக எனக்கு எட்டாத வீடுகளைப் பார்த்து, அந்த வீட்டுக்காரர்களின் நேரத்தையும் வீணடித்திருக்கிறேன்.

கருப்புக்கோட்டு எழுதியது:

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். எங்கேயும் பொருந்துகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வாங்குகிறவர் அனுப்பும் ஒப்பந்தத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அவர் குறிப்பிடும் நபர்" என்ற மூன்று நான்கு சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். நியாயமான காரணத்துக்காகவும் வரலாம், மனைவி பெயரில் பதிய நினைக்கலாம். ஆனால் சின்ன முன்பணம், நீண்ட அவகாசம், இந்தச் சொற்கள் மூன்றும் சேர்ந்து வந்தால், அவர் வாங்க வரவில்லை. உங்கள் வீட்டைப் பூட்டி வைத்து, கூடுதல் விலைக்கு வேறு ஆளைத் தேடப் போகிறார். ஆள் கிடைத்தால் அவருக்கு லாபம், கிடைக்காவிட்டால் உங்களுக்கு நாள் நஷ்டம்.

நிபந்தனையோடு வருகிறவரை விரட்ட வேண்டியதில்லை. கடன் கிடைத்தால், வீட்டைச் சோதித்துப் பார்த்துத் திருப்தி என்றால், பழைய வீடு விற்றால் என்று எதையாவது சொல்வது சகஜம். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு தேதி போடுங்கள். தேதி இல்லாத நிபந்தனை உங்கள் வீட்டை முடக்கிவிடும். பழையபூட்டு அண்ணனுக்கு நடந்தது அதுதான். பழைய வீட்டை விற்க வேண்டியவர் என்றால், "விளம்பரத்தை எடுக்க மாட்டேன், வேறு நல்ல ஆள் வந்தால் உங்களுக்கு 72 மணி நேரம் தருவேன், அதற்குள் நிபந்தனையை விலக்கிக்கொள்ளுங்கள் அல்லது விலகுங்கள்" என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இது நடைமுறையில் உண்டு. முன்பணத்தை நீங்கள் கையில் வாங்குவதைவிட, இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரிடம் வைப்பது நல்லது. எந்தச் சூழலில் திரும்பும், எந்தச் சூழலில் திரும்பாது என்று அன்றே எழுதிவிட வேண்டும்.

பணம் முழுதும் வருவதற்கு முன் சாவி கொடுக்காதீர்கள். "பெயின்ட் மட்டும் அடிச்சுக்கிறோம்" என்று ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் கட்டில் வந்து இறங்கும். அப்புறம் அவரை வெளியே அனுப்புவது தனி வழக்கு.

இன்னொன்று. வடிகட்டுவது என்றால் பணத்தையும் காலத்தையும் வைத்து வடிகட்டுங்கள். எந்த மதம், எந்த இனம், கல்யாணம் ஆனதா, குழந்தை எத்தனை என்று கேட்டு வடிகட்டாதீர்கள். பல நாடுகளில் இப்படிப்பட்ட பாகுபாடு சட்டவிரோதம், அமெரிக்காவில் மதம், இனம் பார்ப்பதற்கு எதிராக 1968-இலேயே சட்டம் வந்துவிட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், பின்னால் யாராவது "என்னை ஏன் தட்டிக் கழித்தீர்கள்" என்று கேட்டாலும் பதில் இருக்கும்.

பழையபூட்டு எழுதியது:

வக்கீல் சார் சொன்ன அந்த நாலு சொல் எனக்கும் புதுசு.

நேரில் வந்தவர்களைக் கணிக்க என் அனுபவம் ஒன்று. புகழ்கிறவரை நம்பாதீர்கள். வாங்குகிறவர் குறை சொல்வார். குழாயைத் திறந்து விட்டுவிட்டு மாடிக்குப் போய் அங்கே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். தொட்டிக்கு அடியில் குனிந்து கை வைத்து ஈரம் தடவுவார். கட்டிலின் அளவைச் சொல்லி இந்த மூலையில் போடலாமா என்பார். மின்கட்டணம் எவ்வளவு வரும், பக்கத்து வீட்டு நாய் ராத்திரி குரைக்குமா என்று கேட்பார். அவர் மனதளவில் குடிவந்தாகிவிட்டது, அதனால்தான் எரிச்சல். என் இரண்டாவது வீட்டை வாங்கியவர் முதல் நாள் சொன்ன ஒரே வார்த்தை, "இந்தக் குளியலறையை யார் கட்டினது?" பாராட்டு இல்லை அது.

மாடிப்படி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போனிலேயே கேட்க ஆரம்பித்தபின் 22 அழைப்புகளில் 6 பேர்தான் வீட்டுக்கு வந்தார்கள். முதல் இரண்டு அழைப்புக்குக் குரல் நடுங்கியது, அப்புறம் பழகிவிட்டது. அந்த ஆறு பேரில் மூன்று பேர் விலை சொல்லியிருக்கிறார்கள்!

முதலாமவர் கேட்ட விலைக்கே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் வீட்டை விற்க வேண்டும், இன்னும் விளம்பரமே போடவில்லை. இரண்டாமவர் 3 சதவீதம் குறைத்துக் கேட்கிறார், சரிபார்த்த முன்ஒப்புதல் கடிதம் இருக்கிறது, வாடகை வீட்டில் இருக்கிறார். தொட்டிக்கு அடியில் கை வைத்துப் பார்த்தவர் இவர்தான். மூன்றாமவர் 5 சதவீதம் குறைவு, கடிதம் கேட்டால் "வந்துகொண்டே இருக்கிறது" என்கிறார். ஆனால் அவர்கள் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் படம், சின்னப் பெண் வரைந்த எங்கள் வீட்டுப் படம், மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இந்த வீட்டில் என் பிள்ளைகள் அப்படித்தான் உட்காருவார்கள். மனசு அங்கேயே நிற்கிறது.

கருப்புக்கோட்டு எழுதியது:

இந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு சுவையான வழக்கே உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் போட்டது. வாங்குகிறவர் எழுதும் இப்படிப்பட்ட கடிதங்களை விற்பவரின் முகவர் விற்பவரிடம் சேர்க்கக் கூடாது என்று. குடும்பப் படத்தைப் பார்த்தால் இனமும் மதமும் பிள்ளைகுட்டியும் தெரிந்துவிடும், விற்பவர் தன்னை அறியாமல் தன் சாயலில் இருக்கிறவரைத் தேர்ந்தெடுத்துவிடுவார் என்பது அவர்கள் பயம். 2022-இல் நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டி அதை நிறுத்தி வைத்தது. சட்டம் நின்றுபோனாலும் அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. படத்தைப் பிள்ளைக்காக வைத்துக்கொள்ளுங்கள். தீர்மானத்துக்கு வங்கிக் கடிதத்தைப் பாருங்கள்.

பழையபூட்டு எழுதியது:

இரண்டாமவர். யோசிக்கவே வேண்டாம். குனிந்து தொட்டிக்கடியில் கை விட்டவன் ஓட மாட்டான்.

கடன்மேசை எழுதியது:

நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். முதலாமவரையும் விட்டுவிட வேண்டாம். அவருடைய வீடு சீக்கிரம் விற்கக்கூடிய இடத்தில், சரியான விலையில் இருந்தால் 72 மணி நேர ஏற்பாட்டில் அவரை வரிசையில் வைக்கலாம். இரண்டாமவரிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி: மதிப்பீடு குறைந்தால்? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, எழுத்தில் ஒரு தேதியோடு பேசுங்கள். 3 சதவீதத்தை நினைத்து மனது அடித்துக்கொள்ளும். வீடு இன்னும் நான்கு மாதம் விற்காமல் நின்றால் நீங்கள் கட்டப்போகும் தவணை, வரி, பராமரிப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பழையபூட்டு எழுதியது:

சார், விளம்பரமே போடாதவரை வரிசையில் வைப்பதா? அவர் வீட்டை விற்பதற்குள் மாடிப்படியின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் வங்கியில் இருந்து பார்த்தீர்கள், நான் வாசலில் நின்று பார்த்தவன்.

எட்டிப்பார்ப்பவன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். வாங்குகிறவரும் நம்மைத் தோண்டுவார்தானே? "ஏன் விற்கிறீங்க, எப்போ காலி பண்ணணும்" என்று கேட்டால் உண்மையைச் சொல்வதா?

பழையபூட்டு எழுதியது:

வீட்டில் ஒழுகல் இருந்தால் மறைக்காதீர்கள், பின்னால் வழக்காகும். உங்கள் அவசரத்தை மட்டும் வெளியே விடாதீர்கள். அடுத்த மாதம் இடமாற்றம் என்று தெரிந்தால் அன்றே விலை இறங்கும். "நல்ல விலை வந்தா தேதி பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, "நீங்க எப்போ வரணும்?" என்று பந்தைத் திருப்பிவிட வேண்டியதுதான்.

மாடிப்படி எழுதியது:

கடைசித் தகவல். இரண்டாமவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "4 சதவீதம் வரைக்கும் கையிலிருந்து போட முடியும், அதுக்கு மேல முடியாது" என்றார். வேறு யாராவது "பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். இவர் எண்ணைச் சொன்னார். மூன்று வாரத் தேதி போட்டு எழுதிக்கொண்டோம், முன்பணம் வழக்கறிஞரிடம் இருக்கிறது. முதலாமவரிடம் விவரத்தைச் சொல்லி, இது முறிந்தால் அழைப்பதாகச் சொன்னேன். சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார். மூன்றாமவருக்குத்தான் போன் செய்யக் கஷ்டமாக இருந்தது. படத்தை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மதிப்பீடு 2 சதவீதம் குறைந்து வந்தது! வயிற்றில் புளியைக் கரைத்தது. அவர் சொன்னபடி வித்தியாசத்தைப் போட்டுவிட்டார். வங்கி ஒப்புதல் நேற்று வந்தது. வரும் வியாழக்கிழமை பதிவு. சாவி அன்றைக்குத்தான், "பெயின்ட் அடிக்கணும்" என்று கேட்டார், வக்கீல் சார் சொன்னதைச் சொல்லிச் சிரித்து மறுத்துவிட்டேன்.

அப்புறம், இன்று காலை அந்தச் சமையலறை மேடை அம்மா மறுபடி அழைத்தார். வீட்டை விற்பதால் அலமாரிக் கதவுகளை மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, "பணம் கையிருப்பா, கடனா?" என்று கேட்டுவிட்டேன்.